வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ

டிசெம்பர் மாதம் பிறந்தால் என் கைத்தொலைபேசி எனக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிடும். பண்டிகைக் காலத்தில் உங்களைக் கவனிக்க மறக்காதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஏழு மணித்தியாலம் உறங்குங்கள், இருந்து ஆறுதலாகச் சாப்பிடுங்கள், காலையில் கொஞ்சம் நடவுங்கள், முடியாததை முடியாது என்று சொல்லப் பழகுங்கள். கூடவே ஒரு படம். கம்பளிப் போர்வைக்குள் காலை மடக்கி வைத்துக்கொண்டு, ஆவி பறக்கிற கோப்பையோடு ஒரு பெண் யன்னலைப் பார்த்தபடி இருப்பாள். வெளியே பனி கொட்டும்.

திருகோணமலைக்குப் பக்கத்தில், எங்கள் சீனன்குடாவில் டிசெம்பரில் கொட்டுவது மாரி மழை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், கடல் பொங்கிக்கொண்டிருக்கும், எங்கள் வீட்டுக்கு ஒரு காகமும் வராது. வருஷத்திலே நான் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிற மாதம் அதுதான். அப்போது வந்து இந்தப் புத்தியைச் சொல்லி என்ன பிரயோசனம்?

எங்கள் சீசன் வேறு. மே மாதம் தென்மேல் பருவக்காற்று கொழும்பு, காலிப் பக்கத்துக் கடலைக் கிளப்பிவிடும்போது இங்கே கடல் அடங்கிக் கிடக்கும். ஆகவே ஏப்ரல் வருஷப்பிறப்பு விடுமுறையில் தொடங்கி, ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறை முடிகிற வரைக்கும் நாடு முழுக்கத் திருகோணமலைக்குத்தான் வரும். நிலாவெளி, உப்புவெளி, புறாமலை, கோணேசர் கோவில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள். நாடு வந்தால் வரட்டும், எனக்கென்ன? நாட்டோடு சேர்ந்து என் சொந்தக்காரரும் வருகிறார்கள். ஏப்ரலில் வவுனியா, மட்டக்களப்பு, கொழும்பு. ஜூலை, ஓகஸ்டில் லண்டனும் கனடாவும். சீசனில் நிலாவெளியில் இரண்டு நாளைக்கு அறை வாடகை கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். அதனால் பட்டணத்துக்கு முன்னாலேயே, ரயிலுக்கும் கிட்ட, மாபிள் பீச்சுக்கும் கிட்ட இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அதன்பிறகு தலை சுற்றுவது எனக்கு மட்டும்.

வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வில்லங்கமே அதுதான். கெட்டவர்களென்றால் படலையைச் சாத்திவிட்டு இருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. 2009இல் யுத்தம் முடிவதற்கு முதல் இந்த ஊருக்கு வர யாருக்கு மனம் வந்தது? சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி, அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி, செத்த வீட்டுக்குக்கூட வர முடியாமல் போனவர்கள் எத்தனை பேர்? ஆளில்லாத வருஷப்பிறப்புகளைப் பார்த்த வீடு இது. இன்று வாசலில் வான் வந்து நின்றால் 'வாங்கோ, வாங்கோ' என்று வாய் தானாகச் சொல்லிவிடும். முடியாது என்று சொல்லப் பழகு என்கிறவர்களுக்கு இது விளங்காது.

விளங்காவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் சொல்கிற 'எளிய' பழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். தண்ணீர் குடிப்பதைவிட எளிய காரியம் உலகத்தில் உண்டா?

எங்கள் வீட்டில் குளியலறை ஒன்று. கழிவறையும் அதற்குள்தான். வந்திருப்பதோ இரண்டு குடும்பம். விடியத் தொடங்கியதிலிருந்து துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பெரியவர் ஒருவர் உள்ளே போனால் பத்திரிகையோடு போவார், இப்போது தொலைபேசியோடு போகிறார். பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு வந்து மணலைக் கழுவ மறுபடியும் நுழைவார்கள். வீட்டுக்காரி எப்படி விருந்தாளியை முந்திக்கொண்டு போவது? 'அக்கா நீங்கள் போறீங்களா?' என்று யாராவது கேட்டாலும், 'இல்லை இல்லை, நீங்கள் போங்கோ, எனக்கு அவசரமில்லை' என்பதுதான் இந்த ஊர் மரியாதை. கந்தளாய்ப் பக்கமிருந்து குழாயில் வருகிற தண்ணீரும் சீசனில் நூலாகத்தான் வரும். இரவில் எழும்பி வாளியையும் பரலையும் நிரப்பி வைக்கிற வேலையும் என்னுடையது. ஆகவே நான் என்ன செய்வேன்? குடிப்பதைக் குறைத்துவிடுவேன். இதை நான் மட்டும் செய்வதாக நினைக்க வேண்டாம். சீசன் நாளில் இந்த ஒழுங்கையில் எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும், சுற்றிவளைத்து இதே கதையைத்தான் சொல்வாள்.

இதற்கு மேல் கச்சான். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜூன், ஜூலையில் தம்பலகாமத்து வயல்வெளியைத் தாண்டி, காய்ந்த தரையின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிற காற்று அது. உதடு வெடிக்கும், கண் எரியும், கொடியில் போட்ட சேலை அடுத்த சேலையைப் பிழிந்து முடிக்கும் முன் காய்ந்துவிடும். அந்தக் காற்றில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, நாள் முழுவதும் இரண்டு தேத்தண்ணியோடு ஓட்டினால் என்ன வரும்? நீர்க்கடுப்பு வரும். அதற்கு மருந்து சொல்லவும் வீட்டிலேயே ஆள் உண்டு. குளியலறையிலிருந்து வெளியே வந்த கையோடு, தலையைத் துவட்டிக்கொண்டே சித்தி சொல்வார்: 'பிள்ளை, நீ தண்ணி குடிக்கிறது காணாது.'

தூக்கத்துக்கு வருவோம். கொழும்பிலிருந்து இரவு வெளிக்கிடுகிற ரயில் கல்ஓயாவில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம் கடந்து, விடிகிற வேளையில் சீனன்குடா ஸ்டேஷனில் நிற்கும். திருகோணமலைக்கு முந்திய தரிப்பு இதுதான். பயணம் செய்கிறவருக்கு இதைவிட வசதி இல்லை. தூங்கி எழும்பினால் ஊர். கூட்டிவரப் போகிறவருக்கும், வந்தவுடன் தேத்தண்ணி கொடுக்க வேண்டியவளுக்கும் தூக்கம் எந்த ஊரில்? அறைகளும் கட்டில்களும் மின்விசிறிகளும் வந்தவர்களுக்குப் போய்விடும். நான் குசினிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் பாயைப் போட்டுக்கொண்டு படுப்பேன். ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிற ஒவ்வொரு பிள்ளையும் என்னைத் தாண்டித்தான் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும். திறக்கும்போது முகத்தில் வெளிச்சம் அடிக்கும். 'சொறி மாமி' என்று சொல்லும், பாவம். மறுபடியும் கண்ணை மூடுகிற நேரம் அடுத்த பிள்ளை.

குளிசை விஷயம் இன்னும் மோசம். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது என்கிறார்கள். அந்த மூன்றில் ஒருத்தி நான். கிளினிக் கொப்பியில் தெளிவாக எழுதித் தந்திருக்கிறார்கள், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காலையில் என்றால் என் கணக்கில் சாப்பாட்டுக்குப் பிறகு. சீசனில் என் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு? முதல் பந்தி கடலுக்குப் போகிற பிள்ளைகள். இரண்டாவது, கோவிலுக்குப் போகிற பெரியவர்கள். அவர்களில் இருவர் மரக்கறி. மூன்றாவது, விடிய மூன்று மணி வரை விறாந்தையில் இருந்து கதைத்துவிட்டுப் பத்து மணிக்கு எழும்புகிற மாப்பிள்ளைமார். ஒவ்வொருவருக்கும் இடியப்பம் சூடாக இருக்க வேண்டும். ஆறினால் பாவம், அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சாப்பிடாமல் எழும்பிவிடுவார்கள். கடைசித் தட்டு இறங்கும்போது மத்தியானக் கறிக்குத் தேங்காய் துருவ வேண்டும். குளிசைப் பெட்டி குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும். அங்கேதான் மின்செருகி இருக்கிறது என்று யாரோ அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தொலைபேசிக்குச் சார்ஜ் போட்டிருப்பார்கள். பெட்டி பிறகு பாண் கூடைக்குப் பின்னாலிருந்து கிடைக்கும், ஒருநாள் கழித்து.

அடுத்த கிளினிக்கில் தாதி பிரஷர் பார்த்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். 'குளிசை ஒழுங்காப் போடுறீங்களா அம்மா? உப்பைக் குறைக்கச் சொன்னனான் எல்லோ?' உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு உள்ளேதான் உப்பு என்கிறது, ஒரு தேக்கரண்டி அளவு. எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் சாப்பிட்டு முடிந்தபின் சட்டிகளில் என்ன மிஞ்சும் என்று அந்தத் தாதியும் அறிவார், அவரும் ஒரு வீட்டுக்காரிதானே. மீன் போய்விடும், பருப்பு போய்விடும், கீரையைப் பிள்ளைகள் தொடாவிட்டாலும் பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். மிஞ்சுவது சோறும், குழம்பின் அடியும், ஊறுகாயும், பொரித்த கருவாட்டுத் தூளும். அதைச் சட்டியோடு வைத்துப் பிசைந்து, குசினிக் கல்லில் சாய்ந்து நின்றபடி நாலு வாய். இருந்து, ஆறுதலாக, மென்று.

இதெல்லாம் நான் அறியாமல் செய்கிறேன் என்று நினைத்துத்தான் எல்லாரும் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். என் கோபமும் அதில்தான். தண்ணீர் குடிக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும். அறிவில் ஒரு குறையும் இல்லை. நான் இருந்து சாப்பிட வேண்டுமென்றால் இன்னொருவர் எழும்பி நிற்க வேண்டும். நான் தூங்க வேண்டுமென்றால் ரயிலில் வந்தவர் தன் தேத்தண்ணியைத் தானே போட வேண்டும். அந்த இன்னொருவருக்கு ஏன் யாரும் துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுப்பதில்லை? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் முதன்முதலாக, இந்த நாட்டு ஆட்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு செய்தது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஆண்களைவிடப் பெண்கள் எவ்வளவோ கூடுதலான நேரம் நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு வருஷப்பிறப்பு அன்று வந்து இருந்திருந்தால் அவ்வளவு செலவு ஆகியிருக்காது.

வருஷப்பிறப்பைச் சொல்லாமல் விட முடியாது. உடம்பைக் கவனிக்கிற நாள் என்று நம் ஆட்கள் ஒரு நாளையே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றால் அது இதுதான். விஷு புண்ணியகாலத்தில் மருத்துநீர் வைத்து முழுக வேண்டும். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு, பசும்பால் என்று ஒரு வைத்தியசாலையே அதற்குள் இருக்கும். கோவிலில் ஐயர் காய்ச்சிப் போத்தலில் ஊற்றித் தருவார். தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை, எது எதென்று அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் சொல்லும். பெரியவர் ஒருவர் உச்சியில் மருத்துநீரைத் தேய்த்துவிட, கண்ணை மூடிக்கொண்டு இருப்பது ஒரு சுகம். சித்திரை வெயிலில் காய்ந்த தலைக்குள் அது இறங்குவது தெரியும். சின்ன வயதில் அம்மம்மா தேய்த்துவிட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கைகளில் அவசரம் இருந்ததில்லை.

இப்போது நான்தான் பெரியவள். வந்தவர்கள் எல்லாருக்கும் நான் தேய்த்துவிட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். வீட்டுக்காரர் பக்கம் வாக்கிய பஞ்சாங்கம், என் பக்கம் திருக்கணிதம். இரண்டுக்கும் வருஷம் பிறக்கிற நேரம் ஒத்துப்போகாது, புண்ணியகாலமும் ஒத்துப்போகாது, சில வருஷம் இலையும் ஒத்துப்போகாது. இரண்டு பகுதியும் ஒரே வீட்டில் வந்து நிற்கும்போது யாரை விட்டுக்கொடுப்பது? இரண்டு நேரத்துக்கும் வெந்நீர், இரண்டு நேரத்துக்கும் இலை, இரண்டு நேரத்துக்கும் பொங்கல். பஞ்சாங்கம் கணித்தவர்கள் கிரகங்களையெல்லாம் பார்த்தார்கள், அடுப்படியில் நிற்பவளைப் பார்க்கவில்லை. கடைசியில் போத்தலின் அடியில் கிடக்கிற மண்டியை விரலால் தொட்டு, குசினிக் குழாயடியில் நின்று உச்சியில் ஒரு தடவல். எனக்கு வருஷம் பிறந்துவிடும்.

பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கேயைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அவர்களுக்கு நோனகதய என்று ஒன்று உண்டு. பழைய வருஷம் போய்ப் புது வருஷம் வருகிற இடைநேரம், மொத்தம் 12 மணித்தியாலம் 48 நிமிடம். அதன் முதல் பாதி முழுக்க அடுப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது, சாப்பிடக்கூடாது, ஒரு வேலையும் தொடங்கக்கூடாது. பன்சலைக்குப் போய்வரலாம், சும்மா இருக்கலாம். சும்மா இருப்பதைச் சாத்திரமே கட்டாயமாக்கி வைத்திருக்கிறது! வெள்ளைச் சேலையோடு விறாந்தைக் கதிரையில் மடியில் கையை வைத்துக்கொண்டு அக்கே இருப்பதை, நான் வேலிக்கு இந்தப் பக்கம் சட்டியில் முறுக்கைப் புரட்டிக்கொண்டே பார்ப்பேன். நியாயத்தையும் சொல்லவேண்டும். அதற்கு முந்திய ஒரு கிழமையும் அவவும் என்னைப்போல எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்தான் நின்றிருப்பா, கவுமும் கொக்கிஸும் தானாகப் பொரிவதில்லை. இருந்தாலும் அந்த ஆறு மணித்தியாலம் யாரும் அவவிடம் 'தேத்தண்ணி ஒன்று' என்று கேட்க முடியாது. எங்கள் வாக்கியமும் திருக்கணிதமும் ஒன்றுசேர்ந்து இப்படி ஒரு விதியைச் சேர்த்தால் நான் இரண்டுக்கும் காணிக்கை போடத் தயார்.

பலகாரத் தட்டின் கதை அதன் பின்னால் வரும். இந்த ஒழுங்கையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் இருக்கிறோம். தட்டு மாறும், தட்டு வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது. ஆகவே கவுமுக்குப் பதில் அரியதரம், வட்டிலப்பத்துக்குப் பதில் பயத்தம்பணியாரம். இதில் எனக்குக் குறையில்லை, நல்ல பழக்கம். ஆனால் பாகு பதம் பார்க்க ஒரு வாய், அக்கே கொண்டுவந்ததை அவ கண்முன்னால் ஒரு துண்டு, வந்தவர்கள் வற்புறுத்தி இன்னொன்று. எனக்கு எல்லைக்கோட்டில் சீனியும் இருக்கிறது. 'ஒரு துண்டு ஒன்றும் செய்யாது' என்பார்கள், ஒவ்வொருவரும் ஒரு துண்டுக்கு மட்டும் உத்தரவாதம் தருவார்கள். போதாததற்கு, வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டு வரக்கூடாதென்று பெரிய சோடாப் போத்தல் இரண்டு வாங்கி வருவார்கள். 2016இலிருந்து இந்த நாட்டில் இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடையாளம் போடுகிறார்கள். சீனி கூடினதென்றால் சிவப்பு. சிவப்பு அடையாளத்தோடு போத்தலை என் கையில் தந்துகொண்டே கேட்பார்கள்: 'அக்கா, சீனி இப்ப எப்பிடி இருக்கு?'

வெளியே கூட்டிப் போகிற வேலையும் உண்டு. வீட்டுக்காரர் தலைவலி என்று கழன்றுவிடுவார். எண்ணெய்த் தாங்கிகளைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும். வெள்ளைக்காரன் கட்டிய தாங்கிகள், 99 இருக்கிறது, பாதிக்கு மேல் காட்டுக்குள் மறைந்து கிடக்கிறது, உள்ளே விடமாட்டார்கள், வெளியில் நின்றுதான் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தலைமுறைக்கும் சொல்வேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட கதையையும் சொல்வேன். வருஷப்பிறப்புக்கு நாலு நாள் இருக்கையில் ஊர் ஓடியதாம். அந்த வருஷம் யாரும் விருந்துக்கு வந்திருக்க மாட்டார்கள் என்று ஒரு கணம் தோன்றும். தோன்றக்கூடாத நினைப்பு, ஆனால் தோன்றும்.

பிறகு கன்னியா. சின்னச் சின்னச் சதுரக் கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. வாளியால் அள்ளி ஊற்றினால் மூட்டு நோ போகும், நாரி நோ போகும் என்று கொழும்பிலிருந்து வருகிறார்கள். போய்க் குளித்துவிட்டு வந்து, 'அப்பாடா, உடம்பு பஞ்சாப் போச்சு அக்கா, நீங்கள் பக்கத்திலயே இருக்கிறீங்கள், குடுத்து வைச்சனீங்கள்' என்பார்கள். நான் அங்கே போகும்போது எப்போதும் துவாய்களையும் செருப்புகளையும் காவல் காக்கிற ஆள். நாரி நோ எனக்குத்தான்.

நடைப்பயிற்சியையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டுமாம். சீசன் இல்லாத நாளில் நான் நடக்கிறவள்தான். முன்வீட்டு ரீச்சரும் நானும் விடிய வெளிக்கிட்டு ஸ்டேஷன் பக்கம் போய்த் திரும்புவோம். குடாப் பக்கமிருந்து காற்று வரும், ஆலை வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளில் போவார்கள். பெரிதாக ஒன்றும் கதைக்க மாட்டோம். சீசன் தொடங்கினால் அது நின்றுவிடும். கனடாவிலிருந்து வந்த மருமகன் ஒருவன் தன் கைக்கடிகாரத்தை என் கையில் கட்டிப் பார்த்தான். குசினிக்கும் விறாந்தைக்கும் கிணற்றடிக்கும் நடந்ததே பத்தாயிரம் அடிக்கு மேல் காட்டியது. 'மாமி, உங்களுக்கு எக்சர்சைஸே தேவையில்லை' என்று அவன் கைதட்டினான். வீட்டுவேலையில் நடப்பதும் கணக்கில் சேரும் என்றுதான் இப்போது சொல்கிறார்கள், சேரட்டும். ஸ்டேஷன் வழியில் நடக்கும்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அதைக் கடிகாரம் காட்டாது.

ஆலையில் வேலை செய்கிறவருக்கு ஷிப்ட் இருக்கிறது. முடிந்தால் அடுத்த ஆள் வந்து நிற்பார், இவர் கையைக் கழுவிக்கொண்டு போகலாம். பிரீமா மாவு ஆலையும் சீமெந்து ஆலையும் எத்தனையோ வருஷமாக இந்தக் குடாவில் ஓடுகின்றன, அடுத்த ஆள் என்கிற அந்த ஏற்பாடு மட்டும் ஆலைக் கேற்றைத் தாண்டி எங்கள் வீடுகளுக்குள் வரவே இல்லை. இந்த ஊர் ஆம்பிளைகள் அதைப் பார்த்துப் பழகியவர்கள்தான். வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும். எங்கள் வீட்டுக்காரரின் விருந்தோம்பலைப் பற்றி ஊரே சொல்லும். கிண்ணியாப் பக்கம் போய் உயிர் நண்டு வாங்கிக்கொண்டு வந்து, பையைத் திறந்து எல்லாருக்கும் காட்டி, 'பாருங்கோ, ஆடுது' என்று சொல்லி, குசினி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அது ஆடிக்கொண்டே என்னிடம் வரும்.

போன ஓகஸ்டில் ஓர் அதிசயம் நடந்தது. புதிதாகக் கலியாணம் முடித்த மருமகள் தன் மாப்பிள்ளையோடு மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் எழும்பிப் போக, அந்தப் பொடியன் பீங்கான்களை அடுக்கிக்கொண்டு வந்து, கையை மடித்துவிட்டுக் கழுவத் தொடங்கினான். பெரியம்மா கதிரையிலிருந்து பாய்ந்தே வந்துவிட்டார். 'ஐயோ தம்பி, விடுங்கோ, விடுங்கோ, இவ்வளவு பொம்பிளைகள் இருக்கேக்க...' அந்தப் பொம்பிளைகள் எல்லாரும் விறாந்தையில் மின்விசிறிக்குக் கீழே இருந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டு, 'பரவாயில்லை பெரியம்மா, ஹொஸ்டல்ல இருந்து பழக்கம்' என்றான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொரித்த தாச்சியையும் பாற்சொதிச் சட்டியையும் மெதுவாக அவன் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு பீங்கானில் சோற்றைப் போட்டுக்கொண்டு கதிரையில் போய் இருந்தேன். மீன் துண்டு ஒன்றுகூட இருந்தது. குளிசையும் போட்டேன். பெரியம்மா அன்று பின்னேரம் வரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆகவே பண்டிகைக் காலப் புத்திமதி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எனக்கு அனுப்பாதீர்கள். வருகிறவர்களுக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் என்று சரியாகச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். 'நாலைஞ்சு பேர்' என்பார்கள், வானிலிருந்து இறங்க இறங்க ஒன்பது வரும். துவாயும் போர்வையும் கொண்டுவரச் சொல்லுங்கள். விடியப்புறம் வருகிறவர் தேயிலை எந்தப் போத்தலில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் உதவும். தங்குகிற நாட்களில் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது கடையில் எடுங்கள், எங்களுக்கும் சேர்த்து. சமைத்துத் தருகிறேன் என்று குசினிக்குள் வந்து, 'உப்பு எங்க, தூள் எங்க, அகப்பை எங்க' என்று கேட்டுக்கொண்டே நிற்க வேண்டாம், அதைவிட விறாந்தையில் இருப்பது எனக்கு ஆறுதல். ஆம்பிளைப் பிள்ளைகளும் பீங்கான் கழுவலாம். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருவன் கழுவினான், கை ஒன்றும் தேய்ந்துபோகவில்லை. குளியலறையில் நுழைகிறவர் தொலைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போகட்டும்.

முந்தநாள் வவுனியாவிலிருந்து மச்சாள் பேசினாள், ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிறார்களாம். 'இந்த முறை உங்களுக்கு ஒரு கரைச்சலும் தரமாட்டம் மச்சாள். நீங்கள் நல்லா மெலிஞ்சு போனீங்கள், படத்தில பார்த்தனான். ஓய்வா இருங்கோ. நாங்கள் வெளியில சாப்பிடுவம்.'

நல்லது, சந்தோஷம் என்றேன்.

'காலமைச் சாப்பாட்டை மட்டும் பார்த்தால் காணும். ராவைக்கும் லேசா ஏதும், பிட்டு மாதிரி. பிள்ளையளுக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது எல்லோ.'

'எத்தனை பேர் வாறீங்கள்?' என்று கேட்டேன்.

'நாலைஞ்சு பேர்தான்' என்றாள். பின்னாலிருந்து அண்ணர், நண்டு இப்போது கிடைக்கிற காலமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்வது எனக்கும் கேட்டது.